பழைய லேப்டாப்ல ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யலையா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

நேத்து வரைக்கும் 8 ஜிபி காட்டின லேப்டாப் இன்னிக்கு 4 ஜிபினு காட்டும். இல்லைனா பவர் பட்டன அமுக்கினா ஃபேன் சுத்தும், லைட் எரியும், ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணும் வராது. இன்னும் சில பேருக்கு டேபிள் மேல இருக்கறப்ப நல்லா ஓடும், தூக்கி மடியில வச்சா ஃப்ரீஸ் ஆயிடும், டச்பேட் பக்கத்துல கொஞ்சம் அழுத்தி கை வச்சாலே ப்ளூ ஸ்கிரீன் அடிக்கும். இதெல்லாம் பெரும்பாலும் ரேம் பக்கத்து கோளாறு தான். ஆனா ரேம் ஸ்டிக் போச்சா, அத சொருகற ஸ்லாட் போச்சா, இல்ல ரெண்டும் நல்லாருந்து நடுவுல இருக்கற அழுக்கு தான் பிரச்சனையானு பாக்காம கடைக்கு தூக்கிட்டு போனீங்கனா ‘ஸ்லாட் போயிடுச்சு சார், போர்டு மாத்தணும்’னு ஒரே வரில முடிச்சிருவாங்க. பத்து வருஷத்து லேப்டாப்புக்கு போர்டு மாத்தற காசுக்கு இன்னொரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிடலாம்.

ஸ்லாட் நிஜமாவே செத்துப்போறது நடக்கும், இல்லைனு சொல்லல, ஆனா நாம நெனைக்கற அளவுக்கு அடிக்கடி நடக்காது. அழுக்கு, சரியா உக்காராத ஸ்டிக், அந்த போர்டுக்கு ஒத்துக்காத ரேம், இந்த மூணையும் தாண்டி தான் ஸ்லாட் மேல சந்தேகப்படணும். இங்க நான் சொல்றது முக்கியமா டிடிஆர்3ங்கற ரேம் வகை ஓடின காலத்து மெஷின்களுக்கு, அதாவது 2010ல இருந்து 2015 வாக்குல வந்ததுங்க, தமிழ்நாட்டுல 2011ல இருந்து பசங்களுக்கு குடுத்த அரசு லேப்டாப்ல ஆரம்பிச்சு ஆபீஸ்ல கழிச்சு விட்ட லாட்டிட்யூட், திங்க்பேட் வரைக்கும். டிடிஆர்4 லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல ஸ்க்ரூ டிரைவர கீழ வைங்க. பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போய் மொத்தம் எவ்வளவு ரேம் காட்டுதுனு பாருங்க. பயாஸ்லயே 4 தான் காட்டுதுனா பிரச்சனை ஹார்டுவேர்ல, தொடர்ந்து படிங்க. பயாஸ் 8 காட்டுது, விண்டோஸ் மட்டும் கம்மியா காட்டுதுனா ஸ்லாட்ட குறை சொல்ல ஒண்ணும் இல்ல. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தா எவ்வளவு ரேம் சொருகினாலும் 3 சொச்சம் ஜிபிக்கு மேல யூஸ் பண்ணாது, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் எடிஷன்னா 2 ஜிபியோட நிறுத்திக்கும், 64 பிட் ஹோம் பேசிக்னா 8 ஜிபி. 64 பிட்டா இருந்தும் ‘8 ஜிபி, யூஸ் பண்ண முடிஞ்சது 3.9’ அப்படினு வந்தா ரன் பாக்ஸ்ல எம்எஸ்கான்ஃபிக் டைப் பண்ணி பூட் டேப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள ‘மேக்ஸிமம் மெமரி’ல யாராவது டிக் போட்டு வச்சிருக்காங்களானு பாருங்க. ‘கம்ப்யூட்டர் வேகமாக 10 வழிகள்’ மாதிரி வீடியோ பாத்துட்டு அத டிக் பண்ணி விட்டவங்க நிறைய, அது வேகமாக்காது, இருக்கற ரேமையும் பூட்டி வச்சிரும். அதுவும் இல்லைனா ஸ்டிக்க ஒரு தடவை கழட்டி திருப்பி மாட்டினாலே சரியாகற கேஸும் உண்டு.

எந்த ஸ்லாட்ல என்ன இருக்குனு கழட்டாமலே தெரிஞ்சுக்க விண்டோஸ் 10ல டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி போனா ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’னு வரும். விண்டோஸ் 7ல அது கிடையாது, சிபியு-இசட்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, அதுல எஸ்பிடி டேப்ல ஸ்லாட் நம்பர மாத்தி மாத்தி பாக்கலாம். லினக்ஸ்னா டிஎம்ஐடிகோட் கமாண்ட ரூட்டா ஓட்டுங்க, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் என்ன கம்பெனி ஸ்டிக், எத்தனை ஜிபி, எவ்வளவு ஸ்பீடுனு தனித்தனியா கொட்டிரும். ஒண்ணு கவனிங்க, உள்ள ரெண்டு ஸ்டிக் இருந்தும் ஒரு ஸ்லாட் காலினு காட்டினா ஸ்டிக்கோட விவரத்த எழுதி வச்சிருக்கற சின்ன எஸ்பிடி சிப்ப கூட போர்டால படிக்க முடியலனு அர்த்தம், அது பெரும்பாலும் காண்டாக்ட் பிரச்சனை.

டிஸ்ப்ளேவே வரலைனா பீப் சத்தத்தையும் லைட்டையும் தான் நம்பணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, உங்க மாடல் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். உதாரணத்துக்கு டெல்லோட பழைய லாட்டிட்யூட் வகைல 2 பீப்னா ரேமே கண்ணுல படலனு அர்த்தம், 4 பீப்னா ரேம் தெரியுது ஆனா எழுதி படிக்கறதுல தப்பு வருதுனு அர்த்தம். இந்த வித்தியாசம் ரொம்ப உதவும். முன்னது ஸ்லாட், காண்டாக்ட் பக்கம் கை காட்டும், பின்னது ஸ்டிக் பக்கம். பீப்பே இல்லாம கருப்பு ஸ்கிரீன் மட்டும் வந்தா ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டிட்டு சும்மா ஆன் பண்ணி பாருங்க, அப்ப பீப் அடிச்சா இல்ல லைட் மினுக்குனா போர்டு உயிரோட இருக்கு, ரேம தேடுதுனு நிம்மதியா அடுத்த வேலைக்கு போகலாம்.

இப்ப கழட்டலாம். விண்டோஸ் 8, 10ல சாதாரண ஷட் டவுன் பாதி தூக்கம் மாதிரி தான், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு உள்ள இருக்கு, அதனால ஷிஃப்ட் கீய அமுக்கி பிடிச்சுட்டு ஷட் டவுன் குடுங்க. சார்ஜர பிடுங்குங்க, பேட்டரிய எடுங்க, பேட்டரி உள்ளயே இருக்கற மாடல்னா கீழ் கவர திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டர கழட்டுங்க. அப்புறம் பவர் பட்டன ஒரு 20 செகண்ட் அமுக்கி பிடிங்க, மிச்ச கரண்ட் வடிஞ்சிரும். பேட்டரி இருக்கறப்பவே ரேம பிடுங்கறது தான் நல்ல ஸ்லாட்ட நிஜமாவே சாகடிக்கற வழி. ஸ்டேட்டிக் பத்தி ரொம்ப பயப்பட வேண்டாம், மெத்தை மேலயும் கார்ப்பெட் மேலயும் உக்காந்து பண்ணாம ஒரு மர டேபிள்ல வச்சு, நடுநடுவுல ஜன்னல் கம்பி மாதிரி எதாவது இரும்ப தொட்டுக்கிட்டா போதும். ஏசி ரூம்ல காத்து வறண்டு இருக்கும், அங்க மட்டும் கூடுதல் கவனம்.

சில மாடல்ல ரெண்டு ஸ்லாட்டும் கீழ் மூடிக்குள்ளயே இருக்கும், சிலதுல ஒண்ணு கீழயும் இன்னொண்ணு கீபோர்டுக்கு அடியிலயும் இருக்கும், அந்த ரெண்டாவத வாங்கினதுல இருந்து யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க. வேற சிலதுல 4 ஜிபி போர்டுலயே சால்டர் பண்ணி ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் வெளிய இருக்கும், அந்த சால்டர் பண்ண ரேம் கெட்டாலும் நமக்கு ஸ்லாட் கெட்ட மாதிரியே தெரியும், அது வேற கதை.

இப்ப தான் முக்கியமான டெஸ்ட், இத அவசரப்பட்டு பண்ணாதீங்க. ரெண்டு ஸ்டிக்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி அ, ஆனு எழுதிக்கோங்க, ஸ்லாட்ட 1, 2னு வச்சுக்கோங்க. அ ஸ்டிக்க மட்டும் 1ல போட்டு ஆன் பண்ணுங்க, அப்புறம் அதே ஸ்டிக்க 2ல. அடுத்து ஆ ஸ்டிக் 1ல, அப்புறம் 2ல. மொத்தம் நாலு தடவை, ஒவ்வொண்ணுக்கும் என்னாச்சுனு ஒரு பேப்பர்ல எழுதுங்க, மனசுல வச்சுக்கலாம்னு நெனைச்சா மூணாவது தடவைல குழம்பிரும். ஆ ஸ்டிக் எங்க போட்டாலும் ஓடலைனா ஸ்டிக் அவுட். எந்த ஸ்டிக் போட்டாலும் 2வது ஸ்லாட்ல மட்டும் ஓடலைனா ஸ்லாட் பக்கம் கோளாறு. நாலு தடவையும் ஓடுது, ஆனா ரெண்டையும் சேத்து போட்டா மட்டும் மக்கர் பண்ணுதுனா ரெண்டு ஸ்டிக்கும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, ஸ்லாட்டு பாவம். சில மாடல்ல முதல் ஸ்லாட் காலியா இருந்தா ஸ்டார்ட் ஆகவே ஆகாது, அதனால 2ல மட்டும் போட்டு ஓடலைனா உடனே தீர்ப்பு எழுதிடாம மேனுவல ஒரு தடவை பாத்துருங்க. ரேம் மாத்தினதும் முதல் தடவை ஆன் ஆக கொஞ்சம் அதிக நேரம் எடுக்கலாம், ரீஸ்டார்ட் கூட ஆகலாம், அஞ்சு செகண்ட்ல பயந்து பவர் பட்டன அமுக்காதீங்க, ஒரு ரெண்டு நிமிஷம் விடுங்க.

ஸ்டிக் மாட்டற விதத்துலயே நிறைய பேர் கோட்டை விடறாங்க. நேரா மேல இருந்து அமுக்கக்கூடாது, ஒரு 30 டிகிரி சாய்ச்சு வச்சு, தங்க கலர் காண்டாக்ட் கிட்டத்தட்ட மறையற வரைக்கும் உள்ள தள்ளணும், அப்புறம் கீழ அமுக்கினா ரெண்டு பக்க க்ளிப்பும் டக்குனு மாட்டிக்கும். தங்கக் கோடு ஒரு பக்கம் அதிகமா வெளிய தெரிஞ்சா கோணலா போயிருக்கு, எடுத்து மறுபடி போடுங்க. பழைய லேப்டாப்ல ஒரு பக்க க்ளிப் வளைஞ்சோ உடைஞ்சோ போயிருக்கும், அப்ப ஸ்டிக் லேசா தூக்கிட்டு நிக்கும், டேபிள்ல ஓடும் மடியில ஓடாதுங்கற கேஸ்ல நான் முதல்ல பாக்கறது இதத்தான். உலோக க்ளிப்னா நோஸ் ப்ளையரால மெதுவா உள்பக்கம் வளைச்சு விடலாம். உடைஞ்சே போச்சுனா ஸ்டிக்குக்கும் மூடிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு துண்டு தெர்மல் பேட் வச்சு மூடினா மூடியே அழுத்தி பிடிச்சுக்கும், பாக்க அசிங்கமா இருந்தாலும் நல்லா உழைக்குது. அலுமினியம் ஃபாயில் மாதிரி கரண்ட் கடத்தற எதையும் வைக்காதீங்க.

சுத்தம் பண்றதுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேணும், மொபைல் சர்வீஸ் சாமான் விக்கற கடைல ஐபிஏனு கேட்டா குடுப்பாங்க, 99 சதவீதம்னு போட்டிருக்கறத வாங்குங்க. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்குனு அத ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு, பிசுபிசுனு படிஞ்சு இன்னும் தூசிய இழுக்கும். காட்டன் பட்ஸ்லயோ பஞ்சு ஒட்டாத துணிலயோ ஐபிஏ தொட்டு ஸ்டிக்கோட காண்டாக்ட ரெண்டு பக்கமும் துடைங்க. கருப்பா கறை விடாம இருந்தா மட்டும் வெள்ளை பென்சில் ரப்பர் எடுத்து லேசா ரெண்டு தேய், அதுக்கு மேல வேண்டாம், அந்த தங்க முலாம் ரொம்ப மெல்லிசு. தேய்ச்சதும் ரப்பர் தூள் ஒண்ணு கூட இல்லாம துடைச்சிருங்க, அது ஸ்லாட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா பழைய பிரச்சனைய விட பெரிய பிரச்சனை.

ஸ்லாட்டுக்கு ரப்பர் எல்லாம் கிடையாது. முதல்ல ப்ளோயர், அப்புறம் மெல்லிசான பெயிண்ட் பிரஷ்லயோ புது டூத் பிரஷ்லயோ ஐபிஏ தொட்டு பின் போற திசைலயே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா பின் வளையும். விசிட்டிங் கார்டுல துணி சுத்தி உள்ள விட்டு ஆட்டற வேலை எல்லாம் வீடியோல பாக்க நல்லா இருக்கும், பின்ன பெயர்த்து எடுக்கவும் அதுவே போதும். முழுசா காய அரை மணி நேரம் விடுங்க. அதுக்குள்ள டார்ச் அடிச்சு மொபைல் கேமராவ ஜூம் பண்ணி ஸ்லாட்ட வீடியோ எடுங்க, டிடிஆர்3 ஸ்லாட்ல மொத்தம் 204 பின், ஒரு வரிசைக்கு 102, எல்லாம் ஒரே உயரத்துல வரிசையா நிக்கணும். எதாவது ஒண்ணு மட்டும் உள்ள அமுங்கியோ பக்கத்து பின் மேல சாஞ்சோ இருந்தா அது தான் குற்றவாளி, குண்டூசியால ரொம்ப மெதுவா தூக்கி விடலாம், ஒடிஞ்சா போச்சு. பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா எப்பவோ டீயோ தண்ணியோ உள்ள போயிருக்கு, கடலோர ஊர்ல உப்புக் காத்துக்கும் இது வரும். எறும்பும் கரப்பான் குட்டியும் உள்ள குடித்தனம் நடத்தறதும் சகஜம் தான், சூடு அதுங்களுக்கு பிடிக்கும்.

இவ்வளவும் பண்ணி ஸ்லாட் சுத்தமா இருக்கு, ஆனா புதுசா வாங்கின ஸ்டிக் மட்டும் எடுக்கலையா? அப்ப ரேம் பொருத்தம் பாக்கணும், இங்க தான் நிறைய நல்ல ஸ்லாட்டுக்கு கெட்ட பேர் வருது.

முதல் விஷயம் வோல்டேஜ். டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட், ரெண்டு வகை ஸ்டிக்குக்கும் காண்டாக்ட் நடுவுல இருக்கற வெட்டு ஒரே இடத்துல இருக்கறதால எந்த ஸ்லாட்லயும் எதுவும் உக்காந்துரும். எல் போட்டது 1.5லயும் ஓடும், ஆனா எல் மட்டுமே எடுக்கற லேப்டாப்ல சாதா டிடிஆர்3 போட்டா கருப்பு ஸ்கிரீன் தான். இன்டெல் 4வது தலைமுறை லேப்டாப் எல்லாம் எல் கேக்கும். ஸ்டிக்கர்ல பிசி3எல்னு இருக்கா வெறும் பிசி3னு இருக்கானு பாருங்க. பழைய லேப்டாப்புக்கு வாங்கறப்பவும் எல் போட்டதையே வாங்கிடுங்க, தலைவலி இல்ல.

ரெண்டாவது விஷயம் யாரும் சொல்றதில்ல, அந்த ஸ்டிக்ல இருக்கற கருப்பு சிப் எத்தனைனு எண்ணுங்க. 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்ல ஒரு பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் இருந்தா ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட், ஸ்டிக்கர்ல 2ஆர்எக்ஸ்8னு இருக்கும். அதே 8 ஜிபி வெறும் 8 சிப்ல வந்தா ஒவ்வொண்ணும் 8 ஜிகாபிட், இத இன்டெல்ல 4வது தலைமுறை வரைக்கும் உள்ள மெமரி கன்ட்ரோலருக்கு (ரேம படிச்சு எழுதற பகுதி) படிக்க தெரியாது, 5வதுல இருந்து தான் தெரியும். அதனால தான் ஒரே ஸ்டிக்ல 16 ஜிபி டிடிஆர்3ங்கறதும் அந்த பழைய மெஷின்ல ஓடாது. கோர் 2 டுயோ காலத்துக்கும் முதல் தலைமுறை ஐ3, ஐ5க்கும் இதே கதை ஒரு படி கீழ, அங்க 4 ஜிபி ஸ்டிக்கே 16 சிப்பா இருக்கணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க லேப்டாப்பையும் கைல எடுத்துட்டு போய் அங்கயே போட்டு பாத்துட்டு காசு குடுங்க, கடைக்காரர் முறைச்சா அடுத்த கடை. ஸ்பீடு பத்தி கவலைப்படாதீங்க, 1600 ஸ்டிக்க 1333 லேப்டாப்ல போட்டா 1333லயே ஓடிட்டு போகும்.

எல்லாம் ஓடுது, ஆனா அப்பப்ப தொங்குதுனா மெம்டெஸ்ட்86+ங்கற ரேம் டெஸ்ட் டூல பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. 6வது வெர்ஷன்ல இருந்து யூஇஎஃப்ஐ (பயாஸோட புது வடிவம்) மெஷின்லயும் ஓடும். விண்டோஸ் கூட வர்ற மெமரி டெஸ்ட் ரொம்ப மேலோட்டம், அது பாஸ் சொன்னா நான் நம்ப மாட்டேன். எரர் வந்தா அட்ரஸ பாருங்க. எப்ப ஓட்டினாலும் அதே இடத்துல சிவப்பு வந்தா, ஸ்லாட் மாத்தி போட்டாலும் ஸ்டிக் கூடவே எரர் போச்சுனா, ஸ்டிக்ல ஒரு சிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல கும்பலா வந்தா காண்டாக்ட் இல்ல ஸ்லாட். முதல் அரை மணி நேரம் சுத்தமா ஓடி சூடு ஏறினதும் எரர் கொட்டினா முதல்ல ஃபேன் தூசிய எடுங்க, தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, பல மாடல்ல ரேம் பிராசசர் பக்கத்துலயே தான் உக்காந்திருக்கு.

இதுக்கும் மசியலைனா தான் நிஜ ஸ்லாட் கோளாறு. அதுக்கும் முன்னாடி ஒண்ணு பாக்கலாம், கோர் ஐ வரிசைல மெமரி கன்ட்ரோலர் பிராசசர் பக்கமே போயிடுச்சு, ரெண்டு ஸ்லாட் லேப்டாப்ல பொதுவா ஒரு ஸ்லாட் ஒரு சேனல், அதாவது பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல தனி பாதை. 4வது தலைமுறை வரைக்கும் மாடல் நம்பர் கடைசில எம்னு முடியற பிராசசர் நிறைய சாக்கெட்ல கழட்டி மாட்டற மாதிரி இருக்கும், அது சரியா உக்காரலைனாலோ ஒரு பின் அழுக்கானாலோ ஒரு சேனல் முழுசா காணாம போகும், நாம ஸ்லாட்ட திட்டிட்டு இருப்போம். ஹீட் சிங்க் கழட்டற தைரியம் இருந்தா பிராசசர எடுத்து அதோட பின் எல்லாத்தையும் பாத்து திருப்பி மாட்டி புது பேஸ்ட் போட்டு பாருங்க. யூனு முடியறது போர்டுலயே ஒட்டினது, அத தொட முடியாது.

மிச்சம் இருக்கறது ஸ்லாட்டோட கால் சால்டர் விட்டுப்போறது, பல தடவை கீழ விழுந்த லேப்டாப்ல இது வரும். இதுக்கு கடைக்காரர்ட்ட ‘ரேம் ஸ்லாட் கால எல்லாம் ரீசால்டர் பண்ண முடியுமாண்ணா’னு குறிப்பா கேளுங்க, மைக்ரோஸ்கோப் வச்சிருக்கற சிப் லெவல் ஆளுக்கு அது பெரிய வேலை இல்ல. ஸ்லாட்டையே மாத்தறது அதுக்கு அடுத்த கட்டம். ‘ஹீட் கன்ல சூடு காட்டினா சரியாயிடும்’னு சொல்றவர்ட்ட குடுக்காதீங்க, பிளாஸ்டிக் ஸ்லாட் உருகும், சரியானாலும் கொஞ்ச நாள்ல திரும்ப வரும்.

நான்னா அந்த செலவே பண்ண மாட்டேன். ஒரு ஸ்லாட் நல்லாருந்தா அதுல 16 சிப் உள்ள ஒரே 8 ஜிபி ஸ்டிக்க போட்டுட்டு ஓட்டுவேன். டூயல் சேனல் (ரெண்டு சேனலும் சேந்து ஓடறது) போறதால கேம் ஆடறவங்களுக்கும் வீடியோ எடிட் பண்றவங்களுக்கும் கொஞ்சம் இழுவை தெரியும், ஏன்னா பில்ட்-இன் கிராஃபிக்ஸ் ரேம தான் கடன் வாங்குது. பிரவுசர், வேர்டு, டேலி, ஆன்லைன் கிளாஸுக்கெல்லாம் வித்தியாசமே தெரியாது. இன்னும் ஹார்டு டிஸ்க்ல ஓடிட்டு இருந்தா ரீசால்டர் காசுல ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்க, ரெண்டாவது ஸ்லாட் இருந்ததையே மறந்துருவீங்க. லினக்ஸ்காரங்க கூடவே ரேம்ல இருக்கறத சுருக்கி வச்சு இடம் மிச்சம் பண்ற இசட்ரேம ஆன் பண்ணிக்கோங்க.

செத்த ஸ்லாட்ல ‘சும்மா இருக்கட்டும்’னு பழைய ஸ்டிக்க விட்டு வைக்காதீங்க. அது அரைகுறையா காண்டாக்ட் ஆகி என்னிக்காவது ஒருநாள் 12 ஜிபினு காட்டும், சந்தோஷமா இருக்கும், அடுத்த வாரம் திறக்காத ஜிப் ஃபைலும் கரப்ட் ஆன எக்ஸலும் வரும். கழட்டி எடுத்து, ஸ்லாட் மேல தூசி போகாம ஒரு துண்டு காப்டன் டேப் (சூடு தாங்கற டேப்) ஒட்டி, மூடிக்கு உள்பக்கம் ‘2வது ஸ்லாட் வேலை செய்யாது’னு மார்க்கர்ல எழுதி மூடுங்க, நாளைக்கு வேற யாராவது திறந்தா அவங்களுக்கு ஒரு நாள் மிச்சம்.